மிலிட்டரிக்காரர் வீட்டுக்குப் போகும் சிஸ்டர்

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் “மிலிட்டரிக்காரர் வீடு எது?” என்று வழி கேட்டால், “எந்த மிலிட்டரிக்காரர்?” என்று திருப்பிக் கேட்பார்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. கீழே வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறவர்களுக்கு அதை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, பாவம்.

நான் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ். யூரின் டியூப் மாற்றுவது, புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்வது, மூக்கு வழியாகப் போட்ட டியூபில் எப்படிக் கஞ்சி ஊற்றுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது, இதுதான் வேலை. இந்தப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தால், பார்க்கிற ஆண்களில் பாதிப்பேர் முன்னாள் ராணுவத்தினராகத்தான் இருப்பார்கள். 1971 போருக்குப் போனவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். யாழ்ப்பாணம் போய் வந்தவர்களில் பலருக்கு அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. கார்கில்காரர்கள் இன்னும் புல்லட் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்கள் முறை இனிமேல்தான். ஊர், பெயர், யூனிட் எல்லாவற்றையும் கலைத்துத்தான் எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

முதலில் இந்த வீடுகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் உள்ளே போகிற நர்ஸ் ஊசி போடலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவ். அதுவும் கிடைத்தால்தான். மீதி நாளெல்லாம் அவர் வீட்டுக்கு ஒரு ராணுவத் தபால் விலாசம் மட்டும்தான்: 56 ஏ.பி.ஓ., இல்லையென்றால் 99 ஏ.பி.ஓ. ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளை பெற்றது, மாமியாரைப் பார்த்தது, கடன் வாங்கிக் கிணறு வெட்டியது, மகளுக்குச் சம்பந்தம் பேசியது எல்லாம் மனைவிதான். நாற்பது வயதுக்கு முன்னால் பென்ஷனோடு வந்தவர், ஆறு மாதத்தில் பெங்களூரில் ஏதோ பேங்கில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுவார். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்புவது அறுபதில். எழுபதில் பக்கவாதம். ஆக, கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் கழித்து, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் இருபத்துநாலு மணி நேரமும் சேர்ந்து இருப்பதே அவர் படுத்த பிறகுதான்.

இரண்டு பேருமே அதற்குப் பழகாதவர்கள். அந்த அம்மா யாருடைய உத்தரவையும் கேட்டு வாழ்ந்தவரில்லை. ஐயாவோ, சட்டைப் பொத்தானைக்கூட இன்னொருத்தர் போட்டுவிட விட்டவரில்லை. நான் போய்க் கால் வைப்பது இந்த இரண்டு பேருக்கும் நடுவில்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். மற்ற வீடுகளில் “காலையில வரேம்மா” என்றால் போதும். மிலிட்டரிக்காரர் வீட்டில் பத்து மணி என்று சொன்னால் ஒன்பதே முக்காலுக்கு அவர் ஷேவ் செய்துகொண்டு, தலை வாரி, வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார். வலது கை விழுந்துபோன ஒரு சுபேதார் இடது கையால் ஷேவ் செய்து கன்னமெல்லாம் கீறல். மனைவி செய்துவிடுகிறேன் என்றால் கேட்பதில்லை. நான் பத்தரைக்குப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அன்றைக்கு பி.பி.யும் ஏறியிருக்கும். அதனால் இந்த வீடுகளுக்கு நேரம் சொன்னால் சொன்னபடி போய்விடுவேன். தாமதமாகும் என்றால் போன் செய்து சொல்வேன், அதுவும் அந்த அம்மாவிடம் அல்ல, அவரிடமே.

இந்த ஒழுங்கை மருந்தாகவும் பயன்படுத்தலாம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஒரு வாரம் செய்வார்கள், அப்புறம் விட்டுப்போகும். நான் ஒரு வெள்ளைத்தாளில் மணியைப் போட்டு, இடது, மல்லாக்க, வலது என்று எழுதி அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவிடுவேன். டியூட்டி ரோஸ்டர் மாதிரி. அதன்பிறகு ஞாபகப்படுத்துகிற வேலை அவருடையது. பீரங்கிப் படையில் இருந்த ஒருவர், பேச்சு முக்கால்வாசி போய்விட்டது, மணிக்கட்டிலிருந்து வாட்சை மட்டும் கழற்ற விடமாட்டார். நேரம் வந்ததும் வாட்சைக் கட்டில் கம்பியில் தட்டுவார்.

திருப்புவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்று ராத்திரியே தேவைப்படலாம். பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அவருக்கு அடியில் குறுக்காக விரித்துவிடுங்கள். அது எப்போதும் அங்கேயே இருக்கட்டும், நனைந்தால் மட்டும் மாற்றுங்கள். திருப்பும்போது கையைப் பிடித்தோ, விழுந்துபோன தோளைப் பிடித்தோ இழுக்கவே கூடாது. பக்கவாதத்தில் தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் நழுவும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நீங்கள் நில்லுங்கள். தூரத்து முழங்காலை மடக்கி, தூரத்துக் கையை அவர் மார்பின்மேல் வையுங்கள். புடவையின் தூரத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, உங்கள் உடம்பைப் பின்னால் சாயுங்கள். அவர் தானாக உருண்டு வருவார். முழுக்க ஒருக்களித்து வைக்க வேண்டாம், இடுப்பெலும்பு உறுத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நிறத்துக்குத் தோல் சிவப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கொஞ்சம் கறுத்தோ, ஊதா மாதிரியோ இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியிருக்கிற இடத்தைவிடச் சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதையும் விடுங்கள். நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணையும் வேண்டாம், ஓட்டையைச் சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

இதை முதல் தடவை சொல்லிக் கொடுத்தபோது அந்த வீட்டம்மா கேட்டது ஒரே கேள்வி. “ராத்திரியிலுமா சிஸ்டர்?”

நல்ல ஏர் பெட் இருந்து, தோலும் கெடாமல் இருந்தால் ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ராத்திரிதான். பகலில் மருமகள் இருப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், நான் வருவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அம்மா தனியாள். அவர் எண்பது கிலோ, அவர் மனைவி நாற்பத்தைந்து. அவருக்கு யூரின் டியூப் மாட்டியிருக்கிறது, பை நிறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், திருப்பும்போது பை கட்டிலுக்கு மேலே வந்துவிடக் கூடாது. இது எதற்கும் சல்யூட் உதவாது. சுதந்திர தினத்தன்று பொன்னாடை போர்த்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொன்னாடையை அந்த அம்மா குளிர்காலத்தில் காலில் சுற்றிவிடுகிறார், அதற்கு அது நன்றாகவே இருக்கிறது.

தூங்குகிற பழைய பட்டாளத்துக்காரரைத் தொட்டு எழுப்பக் கூடாது, திடுக்கிட்டுக் கையை வீசிவிடலாம். கால்பக்கம் நின்று, கை எட்டாத தூரத்தில், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனால் யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. அதை மருமகள்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஞாபகப்படுத்தி, வெடிச் சத்தம் உறைக்காமலிருக்க ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்கிறேன். பீரங்கிப் படைக்காரர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். ‘சொன்னாப் புரியலை, மூளை போயிடுச்சு’ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பாதி மூளை திரும்பி வந்துவிடும்.

ரம்மைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. ராணுவக் கேன்டீன் கோட்டா மாதாமாதம் வருகிறது, சிலர் அதை விற்கிறார்கள், சிலர் குடிக்கிறார்கள். தினமும் குடித்து வந்தவர் விழுந்து படுத்ததும் அது திடீரென்று நின்றுபோகும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ வந்து நிற்கிறார்கள் என்று கத்துவார். வீட்டில் பேய் என்பார்கள், இல்லையென்றால் பழைய போர் ஞாபகம் என்பார்கள். அது மதுவை நிறுத்தியதால் வருவது. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் முதல் நாளே அந்த அம்மாவைக் குழாயடிக்குத் தனியாகக் கூட்டிப்போய் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டுவிடுகிறேன். அவரிடம் கேட்டால் “எப்பவாவது கொஞ்சம்” என்பார். அந்த அம்மாவுக்கு மில்லி லிட்டர் வரைக்கும் தெரியும்.

அப்புறம் யாழ்ப்பாணம்.

எழுபத்தொன்றில் போனவர்கள் பேசுவார்கள். சியாச்சினில் விரலை விட்டுவிட்டு வந்தவர், அந்த விரல் இல்லாத காலைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்வார். 1987இலிருந்து 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்கள், அதிலும் தமிழர்கள், பேசமாட்டார்கள். இந்தியப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அந்தப் பக்கத்தில் இறந்த பொதுமக்கள் பேசியதும் தமிழ்தான். படை திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஊருக்கே தெரியும். சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. கப்பலிலிருந்து இறங்கி நேராக இந்த ஊருக்குப் பஸ் ஏறி வந்தவர்களில் ஒருவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் ரெஜிமென்ட். குடலில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் கொடுத்துக்கொண்டிருந்தோம், வலி அடங்கிய நாட்களில்தான் அவர் பேசினார். வலி போனால் ஆள் தூங்குவார் என்று எதிர்பார்ப்போம். சிலருக்கு வலி போன பிறகுதான் மற்றது மேலே வரும்.

“அங்க எல்லாரும் நம்ம பாஷைதாம்மா பேசுனாங்க,” என்றார் ஒருநாள், டிரஸ்ஸிங் நடந்துகொண்டிருந்தபோது. “கதவைத் தட்டுனா, ‘யாரு தம்பி’ன்னு கேப்பாங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ‘அதெல்லாம் பழசு, மறந்துடுங்க’ என்பது ஆறுதல் அல்ல, வாயை மூடச் சொல்வது. ‘நீங்க உங்க கடமையைத்தானே செஞ்சீங்க’ என்பதும் அப்படித்தான். கையில் கிளவுஸ் இருந்தது, வேலையை நிறுத்தாமல் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னார். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. கடைசியில், “வீட்ல சொல்லிடாதம்மா, அவளுக்குத் தெரியாது,” என்றார்.

வெளியே வந்தால் அந்த அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. அவரே சொன்னார்: “அந்த ஊரைப் பத்திச் சொன்னாரா? முப்பது வருசமா தூக்கத்துல சொல்லிக்கினுதான் இருக்காரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருக்காரு. நெனச்சுக்கட்டும்.”

இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்த விஷயத்தில் நான் என்ன செய்ய முடியும்? எதுவும் செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு பி.பி. பார்த்தேன். 170க்கு மேல் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டதற்கு, “அவர் மாத்திரையை எடுத்துக் குடுக்கறதுல என்னுது மறந்து போவுது,” என்றார். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கிவிடுகிறேன். ஒன்று படுத்திருப்பவருக்கு, இன்னொன்று நிற்பவருக்கு.

வசதிகள் இல்லாமலில்லை. முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத்துக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. கார்டு வைத்திருந்தால் பாலிகிளினிக்கில் மருந்து, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை, மனைவிக்கும் சேர்த்து. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்து வீட்டு விவசாயியைக் கேட்டால் தெரியும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தின் பெண்கள் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு மிலிட்டரிக்காரர் வீட்டுக்கும் வருகிறார்கள், பிசியோதெரபிக்கும் ஆள் வருகிறது. ஆனால் பார்த்துக்கொள்கிறவருக்கு என்று ஒன்று? 100 சதவீத ஊனம் என்று மருத்துவக் குழு முடிவு செய்து, கூட ஆள் வேண்டும் என்றும் எழுதினால், கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைக்கும். அது பணியினால் வந்த ஊனத்துக்கு. எழுபது வயதில் வீட்டுத் திண்ணையில் விழுந்த ஹவில்தாருக்கு அது பொருந்தாது.

அமெரிக்காவை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது, அவர்கள் கஜானாவும் நம் கஜானாவும் ஒன்றல்ல. இருந்தாலும் 2010இல் அங்கே வந்த ஒரு சட்டம் முன்னாள் வீரரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாளையே பயிற்சி கொடுத்து, மாதாமாதம் தொகை கொடுத்து நடத்துகிறது. வருடத்துக்கு 30 நாளாவது அவருக்கு ஓய்வு கிடைக்க மாற்று ஏற்பாடும் செய்கிறது. புருஷனுக்கு ராணுவம் வருடத்துக்கு 60 நாள் லீவு கொடுத்தது. அவரைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாவுக்கு ஒரு ராத்திரி லீவு கொடுக்க நம்மிடம் ஆளில்லை.

காகித வேலையும் நர்ஸ் வேலைதான் என்று நான் நினைக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பென்ஷன் ஆர்டரை எடுத்துப் பார்க்கச் சொல்வேன்: மனைவி பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று. ஆர்டரில் ஒரு பெயர், ஊரில் கூப்பிடுவது ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. எண்பது வயதானால் குடும்பப் பென்ஷனும் 20 சதவீதம் கூடும். வயதுக்கு ஆதாரமில்லாத பாட்டி அதை எப்படி வாங்குவார்? நவம்பர் மாத உயிர்வாழ் சான்று இன்னொன்று. களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது, மெஷின் திருப்பி அனுப்பும். போனில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வழி 2021இலிருந்து இருக்கிறது, அது பல வீடுகளில் தெரியவே தெரியாது. அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் நான் சில தடவை போவேன். பெரும்பாலும் பேச்சு இதில்தான் ஆரம்பிக்கும். அழுகை அப்புறம் வரும்.

இப்போது ஒரு புதிய ஏற்பாட்டை முயன்று பார்க்கிறோம். ராணுவத்தில் போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவான ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள். டியூப் போடத் தெரியும், ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தூக்கத் தெரியும், படுக்கை விரிப்பில் சுருக்கம் விழாமல் மடிக்கத் தெரியும், ஊர்க்காரர்கள் மருந்துக்கடையில் மாத்திரை பெயர் கேட்பதற்கு மட்டும் அவர்களைத் தேடுகிறார்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் போய்ப் பேசினேன். முதலில் தலையாட்டினார்கள், டீ கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அறுபத்திரண்டு வயது ஹவில்தார் ஒருவர் தானாகவே கேட்டார், “ராத்திரி டியூட்டிக்கு ஆள் வேணும்னீங்களாமே?”

வாரத்தில் சில ராத்திரி இரண்டு வீடுகளுக்குப் போகிறார். நோயாளிகள் நான் சொன்னால் முனகுவார்கள், அவர் சொன்னால் “சாப்” போட்டுக் கேட்கிறார்கள், ரேங்க் கீழே இருந்தாலும். விரிப்பின் மூலையை நான் மடிப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை, அவிழ்த்து மறுபடி மடிக்கிறார். அந்த ராத்திரிகளில் ஒரு வீட்டு அம்மா மகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார்; முதல் தடவை தூக்கமே வரவில்லையாம், இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாராம். இப்போது தூங்குகிறார். பி.பி. இன்னும் முழுசாக இறங்கவில்லை, மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். ஹவில்தாருக்கு மட்டும் என்மேல் ஒரு குறை உண்டு. “சிஸ்டர், ஏழு சைஸ் கிளவுஸை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எட்டு கொண்டாங்க,” என்று போன வாரமும் சொன்னார். ஸ்டோரில் எட்டு வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.